சேற்றில் ஒரு வெள்ளைச் சதுரம்

செப்டம்பர் 4, திங்கள்

"நாங்க நிக்கிற எடம் மேல வருதா, கீழ போவுதா மேடம்?"

காலையில் படகுத்துறையில் தையல்நாயகி கேட்டாள். தெரியவில்லை என்றேன். இருபத்து நான்கு வருடம் மண்ணைப் படித்தவள் இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "செரி, தெரிஞ்சா சொல்லுங்க" என்று நண்டுக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நோட்டில் எண்களை மட்டுமே எழுதுவதாக இருந்தேன். முதல் நாளே தவறிவிட்டது. ஆகவே ஒழுங்காகவே எழுதிவைக்கிறேன்.

முள்ளித்திட்டு: அறுபத்து நான்கு வீடுகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பனாறு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடலோர வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. ஆறு வருடத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் உப்பனாற்றுக் கரையில் மீன் முள் போல வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒன்று, இருபுறமும் கிளைகள். அவற்றின் கரைகளில் அலையாத்தி நட்டார்கள். வேர்கள் சேற்றைப் பிடித்துவைக்கும், தரை உயரும், ஊர் பிழைக்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை என் துறை அல்ல.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி மாவட்டக் கூட்டம். மண் சேர்கிறது என்று நான் சொன்னால் நடவு தொடரும், ஊர் இங்கேயே இருக்கும். சேரவில்லை என்றால் எல்லோரையும் பதினோரு கிலோமீட்டர் உள்ளே, சாலையோரப் பொட்டலில் கட்டப்போகும் வீடுகளுக்கு மாற்றுவார்கள். அங்கே நல்ல கூரை இருக்கும். உப்பனாறு இருக்காது.

போன வருடம் ஏப்ரலில் மரங்களுக்கிடையே மூன்று இடங்களில் வெள்ளைக் கல்மாவைச் சதுரமாகக் கொட்டிவிட்டுப் போனேன். ஒவ்வொன்றும் முழ அகலம். அதன் மேல் சேறு படியும். பிறகு ஒரு துண்டு வெட்டி எடுத்தால், வெள்ளைக்கு மேலே எவ்வளவு சேறு என்று அளந்துவிடலாம். ஒரு சதுரத்தை எருமைகள் மிதித்தன. ஒன்று புயலில் போயிற்று. மிச்சம் ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் கால் படாமல் நிற்கப் பலகை போட்டிருக்கிறேன். யாரும் மிதிக்காமல் இருக்கட்டும் என்று தையல்நாயகியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன், அவள் வீடுதான் கிட்டத்தில் என்பதால்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஐஸ் கம்பெனி மாடியில் அறை. கீழே இயந்திரம் ஓடும்போது கட்டில் மெல்ல நடுங்குகிறது. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 6, புதன்

சிங்காரத்தின் படகில் போனேன். அறுபது வயது, வாய் ஓயாதவர். வத்தம் தொடங்கியிருந்தது. தண்ணீர் வடிவது இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. மரங்கள் எழுந்து நிற்பதுதான் தெரிகிறது. முதலில் இலைகள் மட்டும் மிதக்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் கிளை, தண்டு, கடைசியில் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். காடு மெதுவாகக் குளித்துக் கரையேறுவது போல இருந்தது. இப்படியெல்லாம் எழுதக் கூடாது.

படகை நிறுத்தியதும் ஒரு சத்தம். சேற்றில் ஆயிரம் சின்ன வாய்கள் திறந்து மூடுவது போல.

"காடு வெத்தல போடுது" என்றார் சிங்காரம்.

"நண்டு வளையிலேர்ந்து காத்து வெளிய வருது" என்றேன்.

"அதான் மேடம், அதத்தான் சொன்னேன்."

சதுரம் தூரத்திலிருந்தே தெரிந்தது. பழுப்பு, பச்சை, கறுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளையாக, நான் விட்டுப் போனது போலவே. ஓரங்கள்கூடக் கலையவில்லை. பதினேழு மாதத்தில் அதன் மேல் ஒரு நகக்கனம் சேறு இல்லை. வெட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. பலகையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நான் எதிர்பார்த்ததுதான். காடு வளர்த்தால் கடல் நின்றுவிடும் என்று மேடைகளில் பேசுபவர்களைப் பல வருடமாகக் கேட்டுவிட்டேன். நான் நினைத்தது சரியாக இருந்தது என்பதில் ஒரு திருப்தி. சந்தோஷம் என்று எழுத மாட்டேன்.

திரும்பும்போது தையல்நாயகி இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் திருப்பி, "சதுரம் நல்லாருக்கா மேடம்?" என்றாள்.

"நல்லாருக்கு. யாரும் மிதிக்கல."

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. இதற்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று நினைத்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

துணி துவைத்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. ஊருக்குள் ஓதம் வந்த உயரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தையல்நாயகியைத் துணைக்குக் கூப்பிடலாம் என்று போனால் ஆள் இல்லை. "வெள்ளிக்கெழம மதியத்துல தையலு யாருக்கும் சிக்காது" என்றார் சிங்காரம். கோயிலாக இருக்கும்.

தம்பி போன் செய்தான். இருபத்தொன்றாம் தேதி வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான், அவன் மனைவி சுபா பாயசம் வைக்கிறாளாம். வேலை இருக்கிறது என்றேன். "மாமா போயி ஆறு வருசமாச்சு அக்கா, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி" என்று ஆரம்பித்தான். அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.

செப்டம்பர் 11, திங்கள்

இடைக்கால அறிக்கை அனுப்பினேன். இரண்டு பக்கம். கடைசி வாக்கியம்: 'நடவுப் பகுதியில் அளவிடத்தக்க மண் படிவு காணப்படவில்லை.' கூட்டத்தை நடத்தும் அதிகாரி மாலையே போன் செய்தார். "இவ்ளோ தெளிவா யாருமே எழுதித் தந்ததில்ல மேடம். எங்க வேல சுலபமாயிடுச்சு."

செப்டம்பர் 12, செவ்வாய்

கனவு. பெரிய மாடிப்படி ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு படியும் நான் கால் வைத்ததும் மெல்லக் கீழே இறங்குகிறது. ஆகவே நான் ஏறிக்கொண்டும் அதே இடத்தில் நின்றுகொண்டும் இருக்கிறேன். பயமில்லை. படிகள் ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தன.

கனவுகளுக்கு அர்த்தம் இல்லை. எழுதக் காரணம், காலையில் ஐஸ் கம்பெனியில் மின்சாரம் போய் வேறு வேலை இல்லாததுதான்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

அமாவாசை. காலையில் தண்ணீர் நிறைய ஏறி, மதியம் வெகுதூரம் வடிந்தது. என் எஃகு அளவுகோலைப் பலகையருகே மறந்து வந்திருந்தேன். எடுத்துவரலாம் என்று இரண்டரை மணிக்குச் சிங்காரத்துடன் போனேன். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கரை எது, பிம்பம் எது என்று தெரியவில்லை.

மரங்களுக்கிடையே ஒரு பெண் குனிந்திருந்தாள். பலகையின் மேல் முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, மறு கையால் காற்றில் எதையோ உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குக் கீழே சேறு வெள்ளையாகிக்கொண்டு வந்தது. ஒரு நிமிடம் அதை நம்பவே முடியவில்லை. படகு தானாக நகர்ந்து கிட்டே போனது. தையல்நாயகி. பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறையக் கோலமாவு.

"என்ன பண்றீங்க?" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள், மூக்கில் மாவு. "வாங்க மேடம். வெள்ளிக்கெழமையில்ல?"

"யாரு உங்கள போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீங்க போட்டுட்டுப் போனீங்கல்ல, அடுத்த வெள்ளியே பாத்தா பாதி சேத்துல மறைஞ்சிடுச்சு. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து போட்டாங்களேன்னு இருந்துச்சு. கோலம் அழிஞ்சு கெடக்கலாமா? புதுசா போட்டேன். அதுலேர்ந்து வாரா வாரம் போடுறேன்."

"மிதிக்க வேணாம்னுதானே சொன்னேன்?"

"மிதிக்கவே இல்ல மேடம். சத்தியமா. பலக மேலேர்ந்து குனிஞ்சுதான் போடுறேன், இடுப்பு ஒடிஞ்சு போவுது. மொதல்ல அரிசி மாவு போட்டேன், நண்டு தின்னுட்டுப் போயிடுச்சு. அப்புறந்தான் கல்லு மாவு."

"கோலம்னா விடியக்காலையிலதானே?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"இஞ்ச தண்ணி வடியறதுதான் மேடம் விடியல்."

சிங்காரம் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "அடிப்பாவி, கவர்மென்ட்டு சதுரத்துக்கு மாவு போட்டவ நீ ஒருத்தியாத்தான் இருப்ப!"

நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, சனி

சதுரம் கெட்டுவிட்டது. வெளி ஆள் கை பட்ட சதுரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இருந்ததே ஒன்று. ஆக என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஆனால் அறிக்கை போய்விட்டது.

செப்டம்பர் 18, திங்கள்

காய்ச்சல் போல இருக்கிறது, காய்ச்சல் இல்லை. அதிகாரிக்குக் கடிதம் எழுதி மூன்று முறை அழித்தேன். 'சதுரம் செல்லாது, எனவே முடிவு சொல்ல இயலாது' என்று எழுதினால், அவர்களுக்கு அதுவும் 'காணப்படவில்லை' என்பதும் ஒன்றுதான். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் முதல் வருட மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பேன்: மேலே தெரிவதை நம்பாதே, வெட்டிப் பார். வெள்ளை நான் எதிர்பார்த்த இடத்தில் இருந்தது, அதனால் வெட்டவில்லை.

செப்டம்பர் 20, புதன்

மதியம் தையல்நாயகி மாடிப்படி ஏறி வந்தாள். இங்கே அவள் வருவது இதுதான் முதல் தடவை. சும்மாட்டுத் துணியில் முடிந்த நான்கு சேற்று நண்டு. வாசலிலேயே நின்றாள்.

"சிங்காரம் மாமா சொன்னாரு. சேறு சேரலன்னு எழுதிட்டீங்களாம். நான் மாவு போட்டதாலயா மேடம்?"

"உள்ள வாங்க."

"என்னாலயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "வெள்ளை மேலயே தெரிஞ்சுது. அதனால சேறு சேரலன்னு நெனச்சேன்" என்றேன்.

அவளுக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கணக்குச் சரியாக வராத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"சேறு மூடாட்டி நான் எதுக்கு மேடம் மாவு போடப்போறேன்?"

கீழே ஐஸ் பாளத்தை இழுத்துப்போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வாரா வாரம் மூடுச்சா?"

"வாரா வாரம். மழக்காலத்துல ஒரே ராத்திரில இம்புட்டு" என்று கட்டை விரலால் சுட்டு விரல் நகத்தின் பாதியைத் தொட்டுக் காட்டினாள். "அழிச்சுட்டா போட்டேன்? மேல மேலதான் போட்டேன். அடில எல்லாம் அப்படியேதான் கெடக்கும்."

நான் நண்டை வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

காலை எட்டரைக்குத் தண்ணீர் வடிந்தது. நான், தையல்நாயகி, சிங்காரம். பலகையில் இரண்டு பேருக்குத்தான் இடம். சிங்காரம் படகிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

நீளமான கத்தியால் சதுரத்தின் மூலையில் நான்கு பக்கமும் வெட்டி, தகரத்தை அடியில் கொடுத்து ஒரு கட்டியைத் தூக்கினேன்.

"என்னா மேடம், கேக்கு வெட்டுறீங்க? யாருக்குப் பொறந்த நாளு?" என்றார் சிங்காரம்.

"யாருக்கும் இல்ல" என்றேன்.

கட்டியைப் பலகையில் வைத்து, பக்கவாட்டை நீர் விட்டுக் கத்தியால் மெல்ல வழித்தேன். சேறு விலகியது.

கோடுகள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாறி மாறி, மேலிருந்து கீழ்வரை. சில நூல் போல. சில பாதியில் கரைந்து மறுபடி தெரிந்தன. அடியில் தடிமனாக ஒரு வெள்ளை, அது மட்டும் என்னுடையது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அவளுடையது. யாரோ சேற்றின் ஓரத்துக்குப் பொறுமையாகத் தையல் போட்டது போல இருந்தது. எனக்குக் கண் கூசியது. நீரில் வெயில் பட்டு அடித்ததால்.

நடுநடுவே செங்கல் நிறத்தில் மெல்லிய கோடுகள்.

"இது என்ன சிவப்பு?"

"காவி. ஆடி வெள்ளிக்குக் காவி இல்லாம எப்படிப் போடுறது?" அவள் சுண்டு விரலை வைத்துக் கீழிருந்து படித்துக்கொண்டு போனாள். "இது போன வருசத்து ஆடி. இது ஐப்பசி, கார்த்திகை. கொள்ளிடத்துல வெள்ளம் வந்துச்சே, அந்தச் சேறு, தடியா இருக்கு பாருங்க. இது தை, பொங்கலுக்கும் காவி வச்சேன். மேல இருக்குறது இந்த வருசத்து ஆடி."

தைக்குச் சற்று மேலே ஓரிடத்தில் வெள்ளையே இல்லை. வெறும் கறுப்பு. அளவுகோலை வைத்தேன். நான்கு மில்லிமீட்டர்.

"இது?"

"அப்ப நான் வரல."

விரலை அடுத்த வெள்ளைக்கு நகர்த்திவிட்டாள்.

மொத்தம் அறுபத்தொரு மில்லிமீட்டர். மாவின் கனம் மட்டும் பத்தொன்பது, அதைக் கழிக்க வேண்டும். சேறு நாற்பத்திரண்டு. பதினேழு மாதத்தில். மூன்று முறை அளந்தேன். நான் போட்ட சதுரத்தை யாரும் தொடாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரே ஓர் எண்தான் கிடைத்திருக்கும். இது வாரம் வாரமாக இருக்கிறது. எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் ஏறவில்லை என்று இருக்கிறது. எந்தக் கருவியாலும் எனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

கட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. துடுப்பில் சொட்டிய தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மாலையில் தம்பி அனுப்பிய வாழ்த்தைப் பார்த்தேன். நண்டைச் சமைத்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23, சனி

ஓதக் குறிப்புகளுக்காக ஊருக்குள் போனேன். தையல்நாயகியின் வாசலில் அவள் ஓரகத்தி போட்ட கோலம் இருந்தது. திரும்பும் வழியில் சிங்காரத்திடம் மாசி மாதம் என்ன நடந்தது என்று கேட்டேன். இதுபோலக் கேட்பது என் வழக்கமில்லை.

"உங்களுக்குத் தெரியாதா? மாசில அவ ஊட்டுக்காரன் போயிட்டான்ல. மஞ்சக்காமால. முப்பது நாளு ஊட்டவிட்டு வெளிய வரல." துடுப்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுலேர்ந்து வாசல்ல கோலம் போட வுடறதில்ல. நல்ல நாளு அதுவுமா நீ எதுக்குன்னு ஓரகத்தி புடுங்கி வச்சுக்குறா. அதான் இஞ்ச போடுறத மட்டும் வுடல. காட்டுல யாரு கேக்குறா, நண்டா கேக்கும்?"

நான் வாசலில் கோலம் போட்டு ஆறு வருடமாகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்று தனியாக ஒன்று இல்லை, அதுதான் காரணம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அறிக்கையைத் திருத்தி எழுதி அனுப்பினேன். பதினோரு பக்கம். முதல் பத்தியில் 'வெட்டிப் பார்க்காமல் முடிவு எழுதியது என் பிழை' என்று இருக்கிறது. தையல்நாயகியின் பெயரை அவளைக் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். "முழுப் பேரா போடுங்க" என்றாள்.

செப்டம்பர் 27, புதன்

மாவட்டக் கூட்டம். நீளமான மேசை, குளிரூட்டி, பிஸ்கட். சேற்றுக்கட்டியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். காய்ந்து வெளிறியதில் கோடுகள் இன்னும் துல்லியமாகத் தெரிந்தன.

அதிகாரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இல்லன்னீங்க. இப்ப இருக்குங்கறீங்க. அதுவும் கோலத்த வச்சு."

"ஆமா. முன்னாடி சொன்னது தப்பு."

அறையில் யாரோ சிரித்தார்கள். பல வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான் அது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

"செரி மேடம், ஒரே கேள்வி. அந்த ஊர் மேல வருதா, கீழ போவுதா?"

"சேறு ஏறுது. இது அளந்தது. அடியில மொத்த நிலமும் எறங்குது, எவ்வளவுன்னு யாரும் அளக்கல. ரெண்டுல எது வேகம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. பத்து சதுரம் போட்டு, ஒரு வருசம் கொடுத்தா சொல்லலாம். அஞ்ச யாரும் தொட வேணாம். மத்த அஞ்சுல வாரம் ஒரு கோடு அந்த ஊர் பொம்பளைங்க போடட்டும்."

அவர் பெட்டியைத் திரும்பத் தள்ளவில்லை. விரலால் கண்ணாடியின் மேல் அந்தக் கறுப்பு இடைவெளியைத் தொட்டார். "இது என்ன?"

"அந்த மாசம் அளவு எடுக்கல" என்றேன்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி ஓதத்தை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 28, வியாழன்

அதிகாரி வரப்போவதைத் தையல்நாயகியிடம் சொன்னேன். "நாளைக்குப் பெரியவர் வர்றாரு. தண்ணி வந்தா மாத்திடுவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"வீடு நல்ல வீடாத்தான் கட்டித் தருவாங்க. போனா மழைக்கு ஒழுவாது." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும். "அங்க போயி என்னாத்த தடவுறது, ரோட்டயா?"

தண்ணீர் அவள் வீட்டுக்குள் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். விரும்புவது அளப்பதைக் கெடுக்கும். ஆனாலும் நினைத்தேன். நாளை எதுவரை வரும்? என் கணக்குப்படி வாசற்படிக்கு நான்கு விரல் கீழே. அந்தக் கணக்கை நான் நம்பவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

நடந்தது:

ஏழு மணிக்கே கடல் சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது. அலையாத்தி வாய்க்கால்கள் நிறைந்தன. மரங்கள் முழங்கால்வரை, இடுப்புவரை, கடைசியில் இலைகள் மட்டும். எட்டு ஐம்பதுக்குத் தண்ணீர் தையல்நாயகியின் படியைத் தாண்டி உள்ளே வந்தது. அடுப்பின் அடிக்கல்லை நனைத்தது. இருபத்தைந்து நிமிடம் நின்றது. நானும் அவளும் கட்டில் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குள் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் ஆடியது. அவள் அரிசி டப்பாவை மடியில் வைத்திருந்தாள். ஒன்பதேகாலுக்கு வந்த வழியே போய்விட்டது. என் கணக்குத் தவறு.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். ஓதம் வடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டைக் கழுவித் தள்ளியாகிவிட்டது. சுவரில் ஈரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?"

வாசற்படி என்று அவள் சொன்னால் நான் வாய் திறப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"அடுப்பு வரைக்கும் வந்துச்சுங்க" என்றாள். குனிந்து அடிக்கல்லில் விரலை வைத்துக் காட்டினாள். "போன வருசம் இதே மாசம் அடுப்பே முழுவிப் போச்சு. இந்த வருசம் இம்புட்டுதான். அடுத்த வருசம் எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாதாம்."

அவர் அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காட்டைக் காட்டச் சொன்னார். சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சிங்காரம் அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்து, "எங்க ஊரு சேறு நல்லாப் புடிக்குதுங்க, பாத்தீங்களா?" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். படகிலேயே ஃபைலை முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம். பத்து சதுரம். அதற்குப் பிறகு மறுபடி கூட்டம்.

ஊரில் யாரும் வெடி வெடிக்கவில்லை. ஒரு வருடம் என்பது அவ்வளவுதான்.

இரண்டே முக்காலுக்கு நானும் தையல்நாயகியும் சதுரத்துக்குப் போனோம். காலை ஓதம் ஒரு மெல்லிய சேற்றுத்தோலை விட்டுப் போயிருந்தது. அதற்கடியில் வெள்ளை மங்கலாகத் தெரிந்தது, பால் போல. ஒரு சின்ன நண்டு குறுக்கே நடந்து தன் கோட்டைப் போட்டுவிட்டுப் போனது.

அவள் தூக்குவாளியைத் திறந்தாள். திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போடலாமாக்கா?"

"போடலாம்" என்றேன்.

மாவை என் பக்கமும் நீட்டினாள். பலகையில் முட்டி போட்டுக் குனிந்தேன். வலது பாதி அவள் போட்டாள். இடது பாதி நான் போட்டேன். ஓரம் நேராக வரவில்லை.